நவீன நடனத்தில் தனிநடை: இனங்காணும் நெறி பற்றிச் சில கருத்துகள்

ஒரு பாடலின் ஆசிரியர் யார் என்னும் ஐயம் எழும்போது இலக்கிய ஆய்வாளர் சொல்லாட்சி, தொடரமைப்பு, யாப்பு ஆகியவற்றை நோக்கி விடை காண முயல்கின்றனர். ஒளவையார் என்னும் ஒரே பெயரில் வழங்கும் பாடல்கள் யாவும் ஒருவருடையனவாக இருத்தல் இயலாது என்னும் முடிவுக்கு இம்முறையும் துணைநின்றது. நடனத்திலும் இத்தகைய ஐயம் எழுவதுண்டு. அறிவிப்புத்தாள் கையில் இல்லாத நிலையில், திரை விலகிய சில நிமிடங்களுக்குள், இது இன்னாருடைய படைப்பு என்று தேர்ந்த பார்வையாளர் கூறிவிடுகின்றனர். எதைக் கண்டு கூறுகின்றனர் என்று வினவினால் அவர் தரும் விடை பெரும்பாலும் தெளிவாக அமைவதில்லை. உடை, இசை, கதைப்பொருள் ஆகியவற்றைச் சுட்டுவர். அல்லது ‘அவருக்கே உரிய முத்திரை’ என்று கூறி நிறுத்திக்கொள்வர். அம்முத்திரை எங்கே பதிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

‘நடை’ என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது. எழுத்துக்கு நடை என்று கூறுவது காலால் நடத்தலிலிருந்து எழுந்த ஆகுபெயர் வழக்கு. தாளத்திலும் திசிர நடை, சதுசிர நடை என வழங்குகிறோம். நடனத்தைப் பற்றிப் பேசும்போது அச்சொல் தன் முதற்பொருளுக்கே திரும்பிவிடுகிறது. ‘பாணி’ என்னும் சொல்லோ வேறு வகையில் தடையாகிறது. பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என்று கூறும்போது அது ஒரு மரபினரைக் குறிக்கிறதேயன்றித் தனியொருவரைக் குறிப்பதில்லை. மொழியியலார் கிளைமொழி என்பதற்கும் தனியாள் மொழி என்பதற்கும் இடையே கொள்ளும் வேறுபாட்டை நடனத் திறனாய்வு இன்னும் உறுதியாகக் கைக்கொள்ளவில்லை. எனவே இக்கட்டுரையில் மரபினர்க்குப் பொதுவானதைப் பாணி என்றும், நடன அமைப்பாளர் ஒருவருக்கே உரியதைத் தனிநடை என்றும் வழங்குவோம்.

மரபு நடனத்தில் இவ்வேறுபாட்டைக் காண்பது ஓரளவு எளிது. அடவுகள் பலர்க்கும் பொது. பொதுவிலிருந்து விலகும் அளவே தனித்தன்மை. நவீன நடனத்தில் அவ்வாறு ஒரு பொதுச் சொற்களஞ்சியம் கிடையாது. மார்த்தா கிரகாம் 1926இல் தம் குழுவைத் தொடங்கியபின் அடிவயிற்றிலிருந்து எழும் சுருக்கமும் தளர்ச்சியும் என்னும் இயக்கத்தை அடித்தளமாகக்கொண்டு ஒரு பயிற்சிமுறையையே ஆக்கினார். டோரிஸ் ஹம்ஃப்ரி வீழ்தலையும் மீள்தலையும் அடித்தளமாகக்கொண்டார். மொழியும் அவருடையது, அம்மொழியில் இயற்றிய காவியமும் அவருடையது என்னும் நிலையில், மொழி எங்கே முடிகிறது, நடை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிதல் கடினமாகிறது. கிரகாமின் பயிற்சிக்கூடத்தில் பயின்ற எவரும் அடிவயிற்றைச் சுருக்கி ஆடலாம். அதனால் அவர்தம் படைப்பு கிரகாமின் படைப்பாகிவிடாது. ஆயினும் பத்திரிகைத் திறனாய்வுகளில் ‘கிரகாமின் நடை’ என்று குறிக்கப்பெறுவது பல வேளைகளில் அவருடைய பயிற்சிமுறையே.

இச்சிக்கலை ஆராய வரலாறே ஒரு சோதனைக்களத்தை அமைத்துத் தந்துள்ளது. 1959ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில் வெபர்ன் என்னும் ஆஸ்திரிய இசையமைப்பாளரின் இசைக்கு ‘எபிசோட்ஸ்’ என்னும் படைப்பு அரங்கேறியது. அதன் ஒரு பகுதியைக் கிரகாமும் மறு பகுதியைப் பாலே அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினும் அமைத்தனர். ஸ்காட்லாந்து அரசி மேரியாகக் கிரகாம் தம் பகுதியில் தோன்ற, எலிசபெத் அரசியாக ஆடியவர் பாலன்சின் குழுவைச் சேர்ந்த சாலி வில்சன். பாலன்சினின் பகுதியிலோ, அப்போது கிரகாம் குழுவில் ஆடிக்கொண்டிருந்த பால் டெய்லர் ஒரு தனியாடலை நிகழ்த்தினார். பயிற்சியும் உடலும் ஒரு பக்கம், அமைப்பு மறுபக்கம் என இடம் மாறி நின்றன.

டெய்லருக்காக அமைக்கப்பட்ட அத்தனியாடலில் கைகால்கள் உடலைச் சுற்றி மடிந்து முடிச்சிட்டுக்கொள்கின்றன. பாலே கற்றவர்க்கு எளிதில் வாராத முறுக்கு அது. டெய்லரின் கனத்த, நெடிய உடலைக் கண்ட பின்னரே அதனைப் பாலன்சின் எண்ணியிருக்க வேண்டும். தனித்தனி அசைவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பாலன்சினின் வழக்கமான சொற்களஞ்சியம் அதில் மிகக் குறைவு. எனினும் அது கிரகாமின் படைப்பாகத் தோன்றுவதில்லை. காரணம், ஒவ்வோர் அசைவும் வெபர்னின் இசைத்துளி ஒவ்வொன்றோடும் கொண்டுள்ள உறவு. இசையின் எலும்புக்கூட்டைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதே அங்குக் குறிக்கோள். உள்ளத்துணர்வின் அழுத்தம் அசைவை உந்தித் தள்ளுகிறது என்னும் கிரகாமின் அடிப்படை அங்கு இல்லை. அந்தத் தனியாடல் பின்னர் வழக்கொழிந்து, 1986இல் பீட்டர் ஃபிரேம் என்னும் வேறோர் ஆடுநர்வழி மீட்கப்பட்டது. உடல் மாறியது, படைப்பு அதுவாகவே நின்றது. ஆகவே அசைவுகளின் பட்டியலும் ஆடுநரின் உடலும் தனிநடைக்கு இன்றியமையாத சான்றுகள் அல்ல என்பது பெறப்படும்.

அவ்வாறாயின் நடை எங்கே உள்ளது? அசைவுகளில் அன்று, அசைவுகள் ஒன்றோடொன்று புணரும் இடத்தில் உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி என்பதற்கு அளிக்கப்படும் இடத்தை இங்கு நினைவுகூரலாம். நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. தோன்றலோ திரிதலோ கெடுதலோ நேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. கிரகாமின் அமைப்பில் ஓர் அசைவு அடுத்த அசைவுக்குள் புகுந்து அதனைத் திரித்துவிடுகிறது. 1930இல் அவர் ஆடிய ‘லமென்டேஷன்’ என்னும் தனியாடலில் ஆடுநர் ஒரு பலகையில் அமர்ந்தவாறே, உடலைக் குழல்போல் மூடிய துணிக்குள் நெளிகிறார். ஒரு பக்கச் சாய்வு முடிவதற்கு முன்பே அடுத்த இழுப்பு தொடங்கிவிடுவதைத் துணியின் விறைப்பில் காண்கிறோம். எந்த நிலையும் தூய்மையாக நிற்பதில்லை. முன்னதன் எச்சம் பின்னதில் தங்குகிறது.

கிரகாமின் குழுவில் 1939 முதல் 1945 வரை ஆடி, பின் பிரிந்து 1953இல் தம் குழுவை நிறுவிய மெர்ஸ் கன்னிங்ஹாமோ இதற்கு நேர்மாறானவர். அவருடைய படைப்புகளில் ஓர் அசைவு முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது. முன்னது பின்னதற்கு ஆயத்தம் செய்வதில்லை. ஒற்றைக்காலில் அசையாது நின்றவர், எவ்வித முன்னறிவிப்பும் இன்றித் தாவி மறுதிசை செல்கிறார். இயல்புப் புணர்ச்சி என்று கூறத்தக்க இத்தன்மையே முதன்முறை காண்பவரைத் திகைக்கச் செய்வது; பழகியவர்க்கு நொடியில் அடையாளம் காட்டுவதும் இதுவே. இதற்குமேல் இவ்வுவமையை நீட்டி, ஒவ்வொரு நடன அமைப்பாளருக்கும் ஒரு நூற்பா தேடுதல் தகாது.

கன்னிங்ஹாமைக்கொண்டே இக்கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று எழுப்பலாம். 1951இல் ‘சிக்ஸ்டீன் டான்சஸ்’ என்னும் படைப்பு முதலாக அவர் அசைவுகளின் வரிசையை நாணயம் சுண்டியும் அதனையொத்த தற்செயல் முறைகளாலும் முடிவுசெய்தார். எந்த அசைவுக்குப் பின் எது என்பதை ஆசிரியர் தீர்மானிக்கவில்லையெனில், புணர்ச்சியில் அவருடைய நடை உள்ளது என்பது எங்ஙனம் பொருந்தும்? நாணயத்திற்குத் தனிநடை உண்டோ?

இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் நாணயம் செய்வது எது, செய்யாதது எது என்று பிரித்து நோக்கினால் விடை கிடைக்கும். நாணயம் வரிசையைத் தருகிறது. புணரும் முறையைத் தருவதில்லை. தலை, பூ என விழுந்தவாறு இரண்டு அசைவுகள் அடுத்தடுத்து வந்தபின், அவற்றுக்கிடையே ஒரு மெல்லிய பாலம் கட்டிச் சமன்செய்வதா, இடைவெளியை அப்படியே விடுவதா என்பது ஆசிரியரின் முடிவு. வேறொருவர் அதே நாணயத்தைச் சுண்டி அதே வரிசையைப் பெற்றாலும் பாலம் கட்டிவிடக்கூடும். கன்னிங்ஹாம் கட்டவில்லை, இயலாதது போலத் தோன்றும் தாவலை ஆடுநரிடம் அப்படியே கேட்டார். மேலும், எவ்வசைவுகளைப் பட்டியலிட்டு நாணயத்தின் முன் வைப்பது என்பதும், அரங்கிற்கு நடுவிடம் என்று ஒன்றில்லை, எல்லாப் புள்ளியும் சமம் என்று கொள்வதும், இசையும் நடனமும் ஒரே கால அளவில் நிகழ்ந்தால் போதும், ஒன்றையொன்று பின்பற்ற வேண்டா என்று விடுவதும் நாணயம் எடுத்த முடிவுகள் அல்ல. அவர் தம் விருப்புவெறுப்பைத் துறக்கவே தற்செயலை நாடினார். துறக்கத் துறக்க அவருடைய நடை கூர்மையுற்றது என்பது நடன வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

1958இல் அவர் அமைத்த ‘சம்மர்ஸ்பேஸ்’ 1966இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவினரால், விரல்நுனியில் நிற்க உதவும் பாலே காலணியுடன் ஆடப்பட்டது. வெறுங்காலுக்கென அமைந்த சுழற்சிகள் காலணியால் சொரசொரப்பை இழந்து வழுவழுப்பாகிவிடுவது இயல்பே. ஆனால் இங்கும் அரங்கின் குறுக்கே ஆடுநர் தத்தம் போக்கில் கடந்து செல்வதும், எவரும் எவருக்கும் பின்னணியாகாமையும் மாறவில்லை. உச்சரிப்பு மாறியது, தொடரியல் மாறவில்லை எனலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சந்திரலேகாவைப் பற்றி எழுதப்பட்டவை மிகுதி. அவற்றுள் 1995இல் வெளிவந்த ரஸ்தம் பரூச்சாவின் நூல் குறிப்பிடத்தக்கது. எனினும் பத்திரிகைத் திறனாய்வு அவரை இனங்காணப் பயன்படுத்திய வாய்பாடு ஒன்றே: பரதநாட்டியம், களரிப்பயிற்று, யோகம் ஆகிய மூன்றின் கலவை. இது சொற்களஞ்சியப் பட்டியலேயன்றி நடை விளக்கம் அன்று. இம்மூன்றையும் கலந்து ஆடும் குழுக்கள் பின்னாளில் பல தோன்றின. அவற்றை எல்லாம் ‘சந்திரலேகா நடையில்’ என்று எழுதுவது, வடமொழிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்து எழுதியவர் யாவரும் ஒரே நடையினர் என்று கூறுவதையொக்கும்.

1928இல் பிறந்த சந்திரலேகா காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்று, மேடை ஆடுநராகப் புகழ்பெற்றார். நெடிய இடைவெளிக்குப்பின் 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பின்வழி மீண்டும் அரங்கிற்கு வந்தார். 1985இல் ‘அங்கிகா’, 1989இல் பாஸ்கராசாரியரின் கணித நூலை அடியொற்றிய ‘லீலாவதி’, 1990இல் ‘பிராண’, 1991இல் ‘ஸ்ரீ’, 1994இல் ‘யந்திர’, 2001இல் ‘சரீர’ என அவருடைய படைப்புகள் தொடர்ந்தன. பொருளால் இவை ஒன்றுக்கொன்று தொலைவானவை. லீலாவதியின் விளையாட்டு மனநிலைக்கும், பெண்ணின் முதுகெலும்பு வளைக்கப்பட்ட வரலாற்றைக் காட்டும் ஸ்ரீயின் கடுமைக்கும் பொதுவான உணர்ச்சி ஏதுமில்லை. ஆயினும் இரண்டும் ஒரே கையின் ஆக்கம் என்பது ஐயத்திற்கிடமின்றிப் புலப்படுகிறது.

அரைமண்டியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பரதநாட்டியத்தில் அரைமண்டி என்பது அடவு தொடங்கும் இடம், திரும்பிவந்து சேரும் இடம். அது ஒரு தங்குநிலை. கண் அதன்மீது தங்குவதில்லை. தங்குமாறு ஆடினால் நட்டுவனார் தாளத்தைத் தட்டி விரட்டிவிடுவார். சந்திரலேகாவிடம் அதுவே சென்றடையும் இலக்காகிறது. ஆடுநர் அதனை நோக்கி மெல்லத் தாழ்கின்றனர், தாழ்ந்தபின் எழுவதில்லை. தொடை நடுங்கத் தொடங்கும் எல்லை வரையிலும் அது நிறுத்திவைக்கப்படுகிறது. பார்வையாளர் அவ்வடிவத்தில் முக்கோணத்தைக் காண்கின்றனர், நாற்கோணத்தைக் காண்கின்றனர், பின்னர் அவ்வடிவத்தைத் தாங்கும் தசையின் உழைப்பையும் காண்கின்றனர். அச்சொல் பரதத்தின் சொல்லே. தொடரில் அது நிற்கும் இடம் மாறிவிட்டது. எழுவாயாக நின்ற சொல் பயனிலையாகிவிட்டது போன்ற மாற்றம் இது.

இரண்டாவதாக அவர் விலக்கியவற்றை நோக்க வேண்டும். தனிநடையை அறிவதற்கு ஒருவர் கையாள்வதைவிட அவர் மறுப்பது சிறந்த சான்று என்பது என் கருத்து. நகையில்லை, ஒப்பனை மிகக் குறைவு, பதத்தின் பொருளை முகத்தாலும் கையாலும் விரித்துரைக்கும் அபிநயம் இல்லை, பார்வையாளரை நோக்கிய புன்னகை இல்லை. ஆண் ஒருவன் பெண்ணைச் சுமந்து செல்லும் அங்கிகாவின் நரவாகனக் காட்சி, வேறொருவர் கையில் எளிதில் ஒரு கதையாகிவிடக்கூடியது. சந்திரலேகா அதற்கு முன்கதையும் தரவில்லை, பின்விளைவும் தரவில்லை. படிமம் மட்டும் கடந்து செல்கிறது.

மெதுவான கதி அவருடைய தனியடையாளம் என்று பலர் கூறுவர். இதனை அப்படியே ஏற்க இயலாது. ஜப்பானியப் பூத்தோ நடனமும் மெதுவானதே. சந்திரலேகாவின் குழுவில் 1991 முதல் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் தம் சொந்தப் படைப்புகளிலும் மெதுவான கதியையே கைக்கொண்டார். கதியை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுபவர் ஆசிரியரையும் மாணவரையும் ஒருவராகவே கொள்வர். உண்மையில் இருவரிடத்தும் மெதுமை செய்யும் பணி வேறு. சந்திரலேகாவிடம் அது ஒரு வடிவத்தைத் தேக்குவதற்கு: அணையில் நீர் ஏறுவதுபோல் நிலையில் ஆற்றல் ஏறிக்கொண்டே செல்கிறது. பத்மினியிடம் அது பெயர்ச்சியைக் காட்டுவதற்கு. எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நகர்வதும், தோள்மூட்டு திரும்பும்போது விலா அதற்கு இடம்விடுவதும் தனித்தனியே எண்ணிக் காட்டப்படுகின்றன. 2006இன் ‘புஷ்டு’, 2011இன் ‘பியூட்டிஃபுல் திங் 2’ ஆகியவற்றில் முழுமையான, சின்னமாக நிற்கத்தக்க வடிவம் தோன்றும் வாய்ப்பு வந்தவுடனேயே உடல் அதனைக் கலைத்துவிடுகிறது. முன்னவர் நிலையைக் காட்டப் பெயர்ச்சியைச் சுருக்குகிறார். பின்னவர் பெயர்ச்சியைக் காட்ட நிலையைக் கரைக்கிறார். புணருமிடத்தில் கண் வைத்தால் ஒரே வீட்டில் பிறந்த இருவேறு நடைகள் தெளிவாகப் பிரிகின்றன. இதே முறையால்தான் கிரகாமிடமிருந்து கன்னிங்ஹாமையும், இவ்விருவரிடமும் ஆடிய டெய்லரையும் பிரித்தறிய முடிகிறது. நடத்தல், ஓடுதல், வீழ்தல் ஆகியவற்றைக்கொண்டே 1975இல் பாக் இசைக்கு ‘எஸ்ப்ளனேட்’ என்னும் படைப்பை ஆக்கிய டெய்லரின் நடை தனிக்கட்டுரைக்குரியது.

அசைவைக் களவாடலாம், நடையைக் களவாட முடியுமா என்னும் வினாவுக்கும் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று விடை தருகிறது. 2011இல் அமெரிக்கப் பாடகி பியோன்சேயின் ‘கவுன்ட்டவுன்’ பாடற்படத்தில், பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா த கீர்ஸ்மேக்கரின் ‘ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்’, ‘ஆக்டர்லான்ட்’ ஆகிய படைப்புகளின் அசைவுகள் காணப்பட்டன. 1983இல் அரங்கேறிய முதற்படைப்பில் நாற்காலியில் அமர்ந்த பெண்கள் தலைமுடியைக் கோதுதல், தோளிலிருந்து சட்டையை இறக்கி ஏற்றுதல், திடீரெனக் குனிதல் போன்ற அன்றாடச் செய்கைகளை ஆடுகின்றனர். படத்தைக் கண்டவர் உடனே மூலத்தைக் கண்டுகொண்டனர், அது நியாயமே. ஆனால் அவர்கள் கண்டுகொண்டது மேற்கோளை, நடையை அன்று. மூலத்தில் இச்செய்கைகள் எண்ணிக்கை மாறாமல் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒருவர் அரைக்கணம் விலகி மீண்டும் சேர்கிறார். ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலான படைப்பில் சோர்வே ஒரு நடிகராக அரங்கேறுகிறது. பாடற்படத்தின் துரித வெட்டுகளில் இவை அனைத்தும் கெட்டு, வடிவங்களின் தோற்றம் மட்டும் எஞ்சியது. 2013இல் கீர்ஸ்மேக்கரின் குழுவினரே அந்நாற்காலிப் பகுதியை எவரும் கற்றுத் தம் வகையில் ஆடுமாறு பயிற்சிப் படங்களுடன் அழைப்பு விடுத்தனர். சொற்களைப் பொதுவில் வைப்பதால் நடை பறிபோகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

சட்டமோ இவ்வேறுபாட்டில் ஒரு பாதியைத்தான் காக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்னும் வகையில் சேர்க்கிறது. அதன் வடிவம் எழுத்திலோ பிறவாறோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. நிலைப்படுத்தப்பட்ட வரிசைக்குக் காப்பு உண்டு, நடைக்கு இல்லை. இது சரியானதே, நடைக்கு உரிமை வழங்கினால் மாணவர் எவரும் ஆட இயலாது. ஆனால் நடன அமைப்பாளர் மறைந்தபின் சிக்கல் மறுபக்கத்தில் எழுகிறது. 1991இல் கிரகாம் மறைந்தபின் அவருடைய படைப்புகள் யாருக்குரியவை என்னும் வழக்கு நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்தது. 2002இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலான படைப்புகளின் உரிமை அவர் பெயரிலான நடன மையத்தையே சார்ந்தது. வரிசைக்கு உரியவர் யார் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அவ்வரிசையை ஆடினால் அது கிரகாமாக இருக்குமா என்பது நீதிமன்றத்தின் வினா அன்று. 2009இல் மறைந்த கன்னிங்ஹாமின் குழு, ஈராண்டுப் பயணத்திற்குப்பின் 2011 டிசம்பர் 31ஆம் நாள் தன் இறுதி ஆட்டத்தை நிகழ்த்திக் கலைந்தது. படைப்புகளைப் பிற குழுவினர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு ஓர் அறக்கட்டளையிடம் உள்ளது. கற்பிப்பவர் அசைவுகளைப் பிழையின்றித் தந்து, இடைவெளிகளில் ஆடுநர் இயல்பாகக் கட்டிவிடும் பாலங்களைக் கவனியாது விட்டால், படைப்பு வழக்கில் இருக்கும், ஆசிரியர் இரார்.

சந்திரலேகா 2006 டிசம்பர் 30ஆம் நாள் மறைந்தார். அதன்பின்னும் டிஷானி தோஷியும் ஷாஜி ஜானும் ‘சரீர’வைத் தொடர்ந்து ஆடினர். அவர்கள் அவரிடமே கற்றவர்கள். ஓர் அசைவு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அவர்தம் தசையில் இருந்தது. அடுத்த தலைமுறை அதனை ஒளிப்பதிவிலிருந்தே கற்க நேரும். நம் நாட்டு நடனப் பதிவுகள் பெரும்பாலும் முகத்தையும் கையையும் அண்மையில் காட்டுவதற்காக ஒளிப்படக்கருவியை அடிக்கடி மாற்றி எடுக்கப்படுபவை. அபிநயத்திற்கு அது பொருந்தலாம். இத்தகைய படைப்புகளிலோ காட்சி வெட்டப்படும் அதே கணத்தில்தான் பெரும்பாலும் ஓர் அசைவு மற்றொன்றோடு புணர்கிறது. அரங்கு முழுவதும் தெரியுமாறு ஒரே கோணத்தில், இடைமுறிவின்றி எடுக்கப்படும் பதிவு பார்ப்பதற்குச் சலிப்பூட்டலாம். ஆய்வாளர்க்கும் மீட்டமைப்போர்க்கும் பயன்படுவது அதுவே.